சூரிச்சுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையில்

அதிகாரி கேட்டது சின்னக் கேள்விதான். சூரிச்சிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரம் எடுத்தது?

அக்னெஸ் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"விடியக்காத்தால இருட்டோட ஏறினம். போய் இறங்கக்குள்ள பொழுதுபட்டுட்டு."

மொழிபெயர்க்க வந்திருந்த கௌரி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். நரைத்த தலை, மெலிந்த உடம்பு, மரியாதையான மனிதர். காலையிலிருந்து அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. மட்டக்களப்பில் நடந்ததை அக்னெஸ் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது எழுந்துபோய் அலுமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். விமானங்களின் நேர அட்டவணை. விரலை மேலிருந்து கீழே ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஒன்றரை மணித்தியாலம். தூரம் அறுநூறு கிலோமீற்றர். நீங்கள் சொல்வது ஒரு முழுப் பகல். சரியாக யோசித்துச் சொல்லுங்கள்."

அக்னெஸ் யோசித்தாள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போகவேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு தூரம் என்றால் ஒரு பகலில் வந்தது அவளுக்கு வேகமாகத்தான் தெரிந்தது.

"சரியாத்தான் சொல்றன். பகல் முழுக்க பிளேனுக்குள்ளதான் இருந்தம்."

"வேறு எங்காவது இறங்கினீர்களா?"

"நான் இறங்கல்ல."

"சன்னலால் என்ன தெரிந்தது?"

"வெள்ளையா இருந்தது. வேற ஒண்டும் தெரியல்ல."

மேகம் என்று கௌரி மொழிபெயர்த்தாள். அதிகாரி எதையோ எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்தார். அன்றைய விசாரணை அதோடு முடிந்தது.

அது 1988 மாசி மாதம். அக்னெஸ் கனடாவின் மொன்றியலுக்கு வந்து ஒரு வருசமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. புருசன் யோசெப் அவளுக்கு இரண்டு வருசம் முந்தி வந்தவன். இருவரும் கார்ட்டியர்வில்லில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். அவள் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு இடுப்புப்பட்டி வைத்தாள். அவன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சமையற்காரனுக்குக் கையுதவி என்ற இடத்துக்கு வந்திருந்தான். யோசெப்பின் அகதி வழக்கு முன்பே தீர்ந்திருந்தது. இனி அக்னெசினுடையது தீரவேண்டும்.

அவர்களுடைய வழக்கறிஞர் மதாம் குளுத்தியே சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண். அடுத்த கிழமை இருவரையும் கூப்பிட்டு இருத்தி, கௌரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசயத்தைச் சொன்னாள். அக்னெஸ் அந்த விமானத்தில் வரவேயில்லை என்று அதிகாரி நினைக்கிறார். சுவிஸில் வருசக்கணக்காக இருந்துவிட்டு, அங்கே பிடிக்காமல் இங்கே வந்து, யாரோ சொல்லிக்கொடுத்த பாதையைத் தப்பாகப் பாடமாக்கிச் சொல்கிறாள் என்பது அவருடைய எண்ணம். பயணம் பொய் என்றால் ஊரில் நடந்ததும் பொய் என்றுதான் எடுப்பார்.

"உங்களோடு அந்த விமானத்தில் வந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா?"

"இவ தனியத்தான் வந்தவ," என்றான் யோசெப்.

அக்னெஸ் மடியில் கிடந்த கையுறையைப் பிசைந்தாள். "தனிய வரல்ல," என்றாள். "மார்க்கண்டு எண்டு ஒரு ஆள். யாழ்ப்பாணத்து ஆள். ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில அவரு புருசன், நான் பெண்சாதி."

கௌரி அதை மொழிபெயர்க்க ஒரு நிமிசம் பிந்தினாள். யோசெப் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெத்ரோவில் வீடு திரும்பும்போது நாலாவது நிலையத்தில் அவன் கேட்டான்.

"புருசன் பெண்சாதி எண்டா?"

"பாஸ்போட்டிலதான். வேற என்ன?"

"எனக்கேன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? வந்து இறங்கின அண்டைக்கே, உங்களப் பாத்த உடன, இன்னொராள்ற பெண்சாதியா வந்தன் எண்டு சொல்லவா? பேந்து சொல்லுவம் எண்டு விட்டன். விட்டது அப்பிடியே போயிட்டு."

"இப்ப சொல்லு."

அவள் சொன்னாள். ரயில் நிற்கும்போது நிறுத்தி, ஓடும்போது சத்தத்துக்கு மேலே குரலை எடுத்துச் சொன்னாள்.

சூரிச்சில் ஒரு வீட்டில் சில கிழமைகள் அவர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் ஏஜென்சிக்காரன் வந்து இரண்டு மலேசியக் கடவுச்சீட்டுகளைக் கொடுத்து, இனி நீங்கள் இருவரும் குடும்பம் என்றான். கலியாணம் எங்கே நடந்தது, வீடு எங்கே, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் பாடமாக்கினார்கள். மார்க்கண்டு ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். நாற்பதைத் தாண்டிய ஆள். இங்கிலீசு தெரியும். அவளை நிமிர்ந்து பார்க்கவே வெட்கப்பட்டவர். பாடமாக்கும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான், "எங்கட மூத்தவன் பேர் சுரேஷ், சரியோ?" என்று கேட்பார்.

விமானம் ஏறிய கொஞ்ச நேரத்தில் தோடம்பழச் சாறு கொடுத்தார்கள். பிறகு சன்னல் வெளுத்துப்போயிற்று. விமானம் ஏதோ இறங்கப்போவதுபோலச் சரியும், மறுபடி எழும்பும், வட்டமடிக்கும். இப்படியே எவ்வளவோ நேரம். கடைசியில் எங்கோ இறங்கியது. ஆம்ஸ்டர்டாம் என்று அவள் எழுந்தாள். இல்லை, இரு என்றார் மார்க்கண்டு. கதவு திறந்தது. சீருடைக்காரன் ஒருவன் உள்ளே ஏறி, வரிசை வரிசையாகக் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டு வந்தான்.

"பொலிஸ் எண்டு நினைச்சன். பிடிபட்டுட்டம் எண்டு நினைச்சன். பாஸ்போட்டக் கையில எடுத்துக்கிட்டு எழும்பிட்டன். நான் மலேசியா இல்ல, மட்டக்களப்பு எண்டு சொல்லி அழப் பாத்தன். அந்த மனிசன் கையில பிடிச்சு இழுத்து இருத்தி, எல்லாருக்கும் கேக்கப் பேசினாரு. அறிவு கெட்டவளே, வீட்டிலயும் இதே கூத்து, வழியிலயும் இதே கூத்தா எண்டு. தமிழில கொஞ்சம், இங்கிலீசில கொஞ்சம். மறுகா அவனைப் பாத்துச் சிரிச்சு, என்ட மனிசிக்கு பிளேன் பயம் எண்டாரு. அவனும் சிரிச்சிட்டுப் போயிட்டான்."

"அவன் என்னவாம் கேட்டவன்?"

"ஆம்ஸ்டர்டாமுக்கு பஸ்ஸில போக விருப்பமான ஆக்கள் இறங்கலாம் எண்டு கேட்டவனாம். அவ்வளவுதான்."

யோசெப்புக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். சிரிக்க இது நேரமா என்பதில் அவனுக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

மொன்றியல் வந்து சேர்ந்ததும் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. மார்க்கண்டு ஒரு வரிசையில் நின்றார். அவள் வேறு வரிசையில் நின்றாள். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

ஆளைத் தேடுவது பெரிய பாடாக இருக்கவில்லை. அந்த நாளில் மொன்றியலில் இருந்த தமிழ்ச் சனம் ஒருவரை ஒருவர் விசாரித்துக் கண்டுபிடிக்கக்கூடிய அளவுதான். யோசெப்போடு வேலை செய்த ஒருவனுடைய மச்சான், லாசாலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சங்கானை மார்க்கண்டு என்று ஒருவர் இரவு வேலை செய்கிறார் என்று சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் புறப்பட்டார்கள். நகரத்தின் வடக்கு அந்தத்திலிருந்து தெற்கு அந்தம். மெத்ரோ மாறி, கடைசி நிலையம் வரை போய், அங்கிருந்து பஸ். வழி முழுக்க வழித்து ஒதுக்கிய உறைபனி இருபக்கமும் குவிந்து, வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. யோசெப் சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெண் பார்க்கப் போகிறவன்போல என்று அக்னெஸ் நினைத்தாள். சொல்லவில்லை.

கதவைத் திறந்தவர் மார்க்கண்டேதான். கையெல்லாம் மா. வீட்டில் அவரோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அன்று புட்டு அவிப்பது அவருடைய முறை. அக்னெசைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனார்.

"தங்கச்சி! நீங்களோ?"

பிறகுதான் யோசெப்பைக் கண்டார். யாரென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார். யோசெப் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பிடித்துக் குலுக்கினான்.

தேத்தண்ணி வந்தது. ஊர்க்கதை, குளிர்க்கதை, வேலைக்கதை எல்லாம் முடிந்தபிறகு யோசெப் விசயத்தை எடுத்தான். நேர அட்டவணை, ஒன்றரை மணித்தியாலம், அதிகாரி இழுத்த கோடு. மார்க்கண்டு கேட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அதே கேள்வி கேட்டவை," என்றார். "நான் ஒன்றரை மணித்தியாலம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் அண்ணே?"

"எனக்கு முதல் வந்த பெடியள் சொன்னாங்கள், உதைக் கேப்பினம், உதுதான் சரியான மறுமொழி எண்டு. நானும் புகார் மூட்டம், கொலோனில இறக்கினது, அந்தக் கதையெல்லாம் எடுத்தால் பேந்து உங்களைப் பற்றியும் கேப்பினம் எண்டு பயந்தன். தனிய வந்தன், ஒன்றரை மணித்தியாலம் எண்டு சொன்னன். எழுதி, கையெழுத்தும் வாங்கிப்போட்டினம்."

அப்போதுதான் அது மேகமல்ல, பனிப்புகார் என்பதும், இறங்கிய இடம் ஜேர்மனியின் கொலோன் என்பதும் அக்னெசுக்குத் தெரியவந்தது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையமே அன்று மத்தியானம் தாண்டும்வரை மூடிக் கிடந்ததாம். இவர்கள் ஏறவேண்டிய மொன்றியல் விமானமும் அதனால்தான் அங்கே காத்து நின்றதாம்.

"முடிவு வந்திட்டுதோ உங்களுக்கு?" என்று யோசெப் கேட்டான்.

"இன்னும் இல்லை. மனிசியும் இரண்டு பிள்ளையளும் சங்கானையில. முடிவு வந்தால்தான் கூப்பிடலாம்."

ஊரில் இலங்கை ஆமி போய் இந்திய ஆமி என்று மாறியிருந்தது, பயம் மாறவில்லை. அதைப்பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அலுமாரிக் கண்ணாடியில் ஒரு படம் செருகியிருந்தது. சேலை கட்டிய பெண் ஒருத்தியும், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிய இரண்டு பிள்ளைகளும். அக்னெஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசெப் அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்ததும் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப விடுங்க அண்ணே. நாங்க சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்த."

புட்டும் மீன்குழம்பும் சாப்பிட வைத்துத்தான் மார்க்கண்டு அவர்களை அனுப்பினார்.

பஸ் தரிப்பிடத்தில் யோசெப் வெடித்தான். "இவ்வளவு தூரம் வந்து கேக்காமத் திரும்புறதா? அந்தாள் வாயத் திறந்தா உன்ட வழக்கு முடியும்."

"அந்தாள் வாயத் திறந்தா அந்தாள்ற வழக்கும் முடியும். நீங்க அந்தப் படத்தப் பாக்கல்லையா?"

"உன்னத் திருப்பி அனுப்பினா?"

"அண்டைக்கு அவரு கையப் பிடிச்சு இருத்தாட்டி கொலோனிலயே திருப்பி அனுப்பியிருப்பானுகள். உங்களுக்குப் பெண்சாதி வந்து சேந்ததே அவரால."

பஸ் வந்தது. அவன் ஏறி, அவளுக்குச் சன்னலோரம் விட்டு உட்கார்ந்தான். அன்றிரவு வேலைக்குப் போகமுன் சாப்பாட்டுக் கோப்பைகளை அவனே கழுவி வைத்தான். வீட்டில் அதுவரை செய்யாத வேலை.

மதாம் குளுத்தியே வேறு வழி பார்த்தாள். விமானக் கம்பனிக்கு எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் பதில் இல்லை. பனி உருகி, தெருவோரம் கறுத்த சேறாகக் கிடந்த நாட்கள் அவை. அக்னெஸ் தொழிற்சாலைக்குப் போனாள், வந்தாள். இடுப்புப்பட்டி தைக்கும்போது சிலவேளை, ஒன்றரை மணித்தியாலம் என்று சொல்லியிருந்தால் என்ன என்று தன்னையே கேட்பாள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவளுக்கு அது தெரியாதே.

பங்குனி கடைசியில் ஒருநாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது. யோசெப் எடுத்தான். "ஓம்... ஓம் அண்ணே..." என்று கேட்டுக்கொண்டே நின்றவன், ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, நான் என்ர லோயரிட்டப் போய்ச் சொல்லிப்போட்டன்," என்றார் மார்க்கண்டு. "முதல் சொன்னது பிழை, திருத்தவேணும் எண்டு. உங்கட விசாரணைக்கும் வாறன்."

"அண்ணே, உங்கட பிள்ளைகள்..."

"நீங்கள் அண்டைக்குக் கேட்டிருந்தால் ஏலாது எண்டு சொல்லியிருப்பன். சொல்லிப்போட்டு நிம்மதியாய் இருந்திருப்பன். நீங்கள் கேக்காமல் போயிட்டியள். எனக்கு அதுக்குப் பிறகு சாப்பாடு இறங்கேல்லை, பிள்ளை."

விசாரணை மறுபடி கூடியது சித்திரையில். அதே அறை, அதே அதிகாரி. அவர் இருவரையும் ஒன்றாக விசாரிக்கவில்லை. மார்க்கண்டை வெளியே இருத்திவிட்டு அக்னெசைக் கேட்டார். என்ன குடிக்கத் தந்தார்கள்? எந்தப் பக்கம் இருந்தீர்கள்? பக்கத்தில் யார்? தரையில் நின்றபோது என்ன நடந்தது? அக்னெஸ் தெரிந்ததைச் சொன்னாள். தோடம்பழச் சாறு, பிறகு இரண்டாவது தடவை வெறும் பிஸ்கட். முன் வரிசையில் ஓயாமல் அழுத குழந்தை. சீருடைக்காரன். தான் எழுந்தது.

"அப்போது உங்கள்... உங்கள் கூட வந்தவர் என்ன செய்தார்?"

"பேசினாரு."

"என்ன பேசினார்?"

அக்னெஸ் கௌரியைப் பார்த்தாள். கௌரி தலையாட்டினாள். சொன்னதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகக் கௌரி கொஞ்சம் சிரமப்பட்டாள்.

பிறகு மார்க்கண்டு வந்தார். எங்கோ இரவல் வாங்கிய கோட்டு, தோளில் பெரிது. கேள்விகள் அதே கேள்விகள். அவர் தன் இங்கிலீசிலேயே பதில் சொன்னார். தோடம்பழச் சாறு. பிஸ்கட். அழுத பிள்ளை. கொலோன். அதிகாரி எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் பேனாவை வைத்தார்.

"உங்களுடைய சொந்த விசாரணையில் ஒன்றரை மணித்தியாலம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன்?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள், ஐயா. உண்மை வேறாக இருந்தது. புத்தகத்துக்குப் பொருந்துகிற பதிலைத்தான் நீங்கள் நம்புவீர்கள் என்று நினைத்தேன்."

அதிகாரி மேசையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். அதை எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"தரையில் நின்றபோது இந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்?"

மார்க்கண்டு இங்கிலீசை விட்டுவிட்டார். அக்னெசின் பக்கம் திரும்பினார். அறை ஓரத்தில் இருந்த யோசெப்பையும் ஒருமுறை பார்த்தார்.

"தங்கச்சி, அண்டைக்கு உங்களை அறிவு கெட்டவள் எண்டு சொல்லிப்போட்டன். அத்தினை சனத்துக்கு முன்னால. என்ர மனிசியைக்கூட நான் அப்பிடிப் பேசினதில்லை. வேற ஒரு வழியும் தெரியேல்லை அந்த நேரம். மன்னிக்கவேணும்."

கௌரி மொழிபெயர்த்தாள். அதிகாரி அக்னெசின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யோசெப்புக்கும் தெரியவில்லை. இரண்டும்தான்.

வைகாசி முடியமுன் அக்னெசுக்குச் சாதகமாக முடிவு வந்தது. மார்க்கண்டுக்கு அவ்வளவு லேசில் வரவில்லை. முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னார் என்று அவரை மறுபடி கூப்பிட்டு இருத்தி, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து கேட்டார்கள். இந்தமுறை அக்னெஸ் சாட்சி சொல்லப் போனாள். யோசெப் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். பிறகும் இன்னுமொரு குளிர்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கண்டு கார்ட்டியர்வில்லுக்கு வந்துவிடுவார். யோசெப்பும் அவரும் சீட்டுக்கடுதாசி விளையாடுவார்கள். தோற்றவன் தேத்தண்ணி போடவேண்டும். பெரும்பாலும் யோசெப்தான் போட்டான்.

மார்க்கண்டின் மனைவி புஷ்பவதி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தது எண்பத்தொன்பது ஐப்பசியில். வந்த மூன்றாம் நாளே சமைத்து எடுத்துக்கொண்டு குடும்பமாகக் கார்ட்டியர்வில்லுக்கு வந்தார்கள். புஷ்பவதி வாசலில் சப்பாத்தைக் கழற்றத் தெரியாமல் நின்று, பிறகு அக்னெசை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

"நீங்களோ அந்த ஒருநாள் பெண்சாதி?"

யோசெப் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். மார்க்கண்டு கதவுப் பிடியைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தார்.

"எனக்கும் இப்பதான் விளங்குது," என்றாள் புஷ்பவதி. "எங்களைக் கூப்பிட ஏன் இவ்வளவு காலம் எடுத்ததெண்டு கேட்டன். இந்த மனிசன் எல்லாம் சொல்லிச்சுது. வழியில ஒரு பெண்ணைப் பேசினாராம், அதுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். பதினைஞ்சு வருசமாய் என்னட்ட ஒருநாள் கேட்டதில்லை." பையைக் கீழே வைத்துவிட்டு அக்னெசின் கையைப் பிடித்தாள். "வாங்கோ, சாப்பாடு ஆறப்போகுது. பிள்ளையள் பசியோட நிக்குதுகள்."

அந்தச் சின்ன வீட்டில் எல்லோருக்கும் கதிரை போதவில்லை. நிலத்தில் போர்வையை விரித்து, பிள்ளைகளை நடுவில் இருத்தி, சட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.